கண்டறிதலும் கடைப்பிடித்தலும்



நல்லது இன்னது என்று கண்டறிவது ஒன்று. கண்டறிந்ததைப் பலர் கூடிப் பணிபுரியும் ஓரிடத்தில் நாள்தோறும் கடைப்பிடிக்கச் செய்வது மற்றொன்று. முன்னதற்கு அறிவு போதும். பின்னதற்குத் தலைமை வேண்டும். இந்த வேறுபாட்டை மருத்துவமனையைப்போலத் தெளிவாகக் காட்டும் இடம் வேறொன்று இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு நல்ல முறை நழுவிப்போனால் மாணவனின் மதிப்பெண் குறையும். மருத்துவமனையில் நழுவிப்போனால் ஓர் உயிர் போய்விடும்.

மருத்துவமனை நிருவாகம் என்றவுடன் கட்டடமும் கருவியும் பணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று எடுத்துக்கொள்வதோ மிகச் சிறிய ஒரு செயல். கை கழுவுதல் என்பதே அது. 'கை கழுவிவிட்டான்' என்று நாம் சொன்னால், பொறுப்பைத் துறந்துவிட்டான் என்பது பொருள். மருத்துவமனையிலோ கை கழுவுவதே பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். இச்சிறு செயலை நிலைநாட்ட முயன்ற சிலருடைய வரலாற்றைப் பார்த்தால், ஒரு நிறுவனம் எப்போது மாறுகிறது, எப்போது மாற மறுக்கிறது என்பது நமக்கு விளங்கும்.

முதலில் வியன்னா மாநகரத்துக்குச் செல்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரத்துப் பொது மருத்துவமனை ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்று விளங்கியது. அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவர்கள் பயிற்சி பெற்றனர். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியர் பயிற்சி பெற்றனர். ஒருநாள் வரும் தாய்மார் முதற்பிரிவிலும், மறுநாள் வருவோர் இரண்டாம் பிரிவிலும் சேர்க்கப்பட்டனர். ஆகவே, இரு பிரிவுகளிலும் சேர்ந்தோர் ஒரே வகையினரே. ஆயினும், 1846ஆம் ஆண்டில் முதற்பிரிவில் நூற்றுக்கு 11.4 தாய்மார் இறந்தனர். இரண்டாம் பிரிவில் இறந்தோர் நூற்றுக்கு 2.8 பேரே. பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலே இவ்விறப்புகளுக்குக் காரணம். இச்செய்தியை நகரத்துப் பெண்கள் நன்கு அறிந்திருந்தனர். தங்களை முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று அவர்கள் மன்றாடினர்.

முதற்பிரிவில் 1846ஆம் ஆண்டு உதவி மருத்துவராக வந்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர். அவர் ஹங்கேரி நாட்டவர். அப்போது அவருக்கு வயது 28. கூட்ட நெருக்கம் காரணமா என்று ஆராய்ந்தார். இரண்டாம் பிரிவில்தான் நெருக்கம் மிகுதி. தட்பவெப்பம் காரணமா என்று எண்ணிப் பார்த்தார். இரு பிரிவுகளுக்கும் ஒரே வானந்தான். இவ்வாறு ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தார்.

1847ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவருடைய நண்பர் கொல்லெச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி அவர் விரலில் பட்டது. அக்காயத்தின் வழியே நோய் கண்டு மாண்டார். அவருடைய உடலில் காணப்பட்ட மாறுதல்கள், பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் காணப்பட்டவற்றை ஒத்திருந்தன. செம்மல்வைசுக்கு உண்மை புலனாயிற்று. மருத்துவரும் மாணவரும் காலையில் பிணங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டு, அதே கையுடன் பிரசவ அறைக்கு வந்தனர். மருத்துவச்சியர் பிணங்களைத் தொடுவதில்லை. நோயைக் கொண்டுவந்தது காற்றன்று, மருத்துவரின் கையே.

அவ்வாண்டு மே மாத நடுவில் அவர் ஒரு விதி வகுத்தார். பிரசவ அறைக்குள் நுழைவோர் யாவரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும். இன்று நம் ஊர்க் கிணறுகளில் இடப்படும் பிளீச்சிங் பவுடர் என்பது அதுவேதான். ஏப்ரல் மாதத்தில் நூற்றுக்கு 18க்கு மேல் இருந்த இறப்பு, சூன் மாதத்தில் 2.2 ஆகவும், சூலை மாதத்தில் 1.2 ஆகவும் இறங்கிற்று. மறு ஆண்டில், அதாவது 1848இல், இரு பிரிவுகளுக்கும் இடையே இருந்த வேற்றுமையே ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவ்வாண்டின் இரண்டு மாதங்களில் முதற்பிரிவில் ஒரு தாய்கூட இறக்கவில்லை.

இதற்குப்பின் உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்றுதானே நினைக்கத் தோன்றுகிறது? நடந்தது வேறு. 1849ஆம் ஆண்டில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது; அது நீட்டிக்கப்படவில்லை. 1850இல் அவர் வியன்னாவை விட்டே புறப்பட்டுப் போய்விட்டார். பின்வந்த ஆண்டுகளில் அப்பிரிவில் இறப்பு மீண்டும் ஏறியது. 1865ஆம் ஆண்டில் மனநோய் விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்ட செம்மல்வைஸ், சில நாட்களுக்குள் உடலில் நஞ்சேறி, 47ஆம் வயதில் காலமானார்.

உண்மையைக் கண்டவர் ஏன் தோற்றார்? ஒரு பகுதிக் குற்றம் அவருடைய மேலோரைச் சாரும். 'உன் கையே அத்தாய்மாரைக் கொன்றது' என்ற கூற்றை ஒப்புக்கொள்ள எளிதில் மனம் வருமா? மேலும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைப் பற்றிய அறிவு அப்போது நிலைபெறவில்லை. பிரசவக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைப் பாஸ்டர் பாரிசு அறிஞர் அவையில் எடுத்துக்காட்டியது 1879ஆம் ஆண்டில்தான்.

ஆனால் மற்றொரு பகுதி செம்மல்வைசையே சாரும். தம் கண்டுபிடிப்பை அவர் உடனே எழுதி வெளியிடவில்லை. நண்பர்களே அவருக்காக எழுதினர். அவருடைய நூல் 1861இல்தான் வந்தது. ஐயுற்றவர்களிடம் பொறுமையாக விளக்கவில்லை. பிற்காலத்தில் வெளிப்படையான கடிதங்களில் அவர்களைக் கொலைகாரர் என்றே ஏசினார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் வகுத்த விதி ஒரே மனிதரின் கண்காணிப்பைத் தூணாகக் கொண்டு நின்றது. அவருடைய கண் இருந்தவரையில் கைகள் கழுவப்பட்டன. கண் அகன்றது, விதியும் தளர்ந்தது. ஒருவர் போனால் உடன்போகும் மாற்றத்தை மாற்றம் என்று எவ்வாறு சொல்வது?

கிருமியைப் பற்றிய அறிவு பரவியபின் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதா? அதுவும் இல்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின், 1994ஆம் ஆண்டின் இறுதியில், சுவிட்சர்லாந்தின் ஜெனீவாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கையைத் தூய்மை செய்யவேண்டிய நூறு தருணங்களில் 48இல் மட்டுமே அது செய்யப்பட்டது. அங்கே பணிபுரிந்தவர்கள் கற்றவர்கள். கிருமியை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள். அவர்களுக்கு அறிவும் குறைவில்லை, நம்பிக்கையும் குறைவில்லை. பின் எது குறைந்தது?

இவ்வினாவை எழுப்பியவர் டிடியே பிட்டே என்னும் மருத்துவர். அவர் குறை கூறத் தொடங்கவில்லை. கணக்குப் போடத் தொடங்கினார். நீங்களும் அக்கணக்கைப் போட்டுப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்குக் கையைத் தூய்மை செய்யவேண்டிய தருணம் மணிக்கு 20 முறை வருவதாகக் கொள்வோம். தொட்டியண்டை நடந்து சென்று, சோப்பிட்டுக் கழுவித் துடைத்துத் திரும்ப ஒன்றரை நிமிடம் ஆகும். இருபதை ஒன்றரையால் பெருக்கினால் 30 நிமிடம். அரைமணி நேரம் கை கழுவினால், நோயாளியைக் கவனிப்பது எப்போது? வேலை மிகுந்த இடங்களில்தான் கை கழுவுதல் மிகவும் குறைந்திருந்தது என்பதும் கணக்கெடுப்பில் தெரியவந்தது. ஆகவே, குறை ஆட்களின் ஒழுக்கத்தில் இல்லை. வேலையின் அமைப்பில் இருந்தது.

பிட்டேயும் அவருடைய குழுவினரும் அமைப்பை மாற்றினர். ஆல்கஹால் கலந்த நீர்மத்தைச் சிறு புட்டிகளில் அடைத்து, ஒவ்வொரு படுக்கையின் அருகிலும் வைத்தனர். அதைக் கையில் தேய்த்துக்கொள்ள அரை நிமிடமும் வேண்டியதில்லை. தொட்டிக்கு நடக்கவேண்டியதும் இல்லை. பணியாளர்களின் கருத்தையே கேட்டுச் சுவரொட்டிகள் தயாரித்து ஒட்டினர். மீண்டும் மீண்டும் கணக்கெடுத்து, அதன் முடிவை வேலை செய்வோருக்கே அறிவித்தனர். மருத்துவமனையின் தலைமை நிருவாகம் இம்முயற்சிக்கு வெளிப்படையாகத் துணை நின்றது. 1997ஆம் ஆண்டின் இறுதியில் 48 என்ற எண் 66 ஆக உயர்ந்தது. மருத்துவமனையில் தங்கியிருக்கும்போது தொற்றிய நோய்களால் வருந்தியோர், 1994இல் நூற்றுக்கு 16.9 ஆக இருந்து, 1998இல் 9.9 ஆகக் குறைந்தனர்.

இம்முயற்சியில் ஒரு குறையும் இருந்தது. அதை அவர்களே ஒளிக்காமல் எழுதியுள்ளனர். செவிலியரிடமும் அவர்களுடைய உதவியாளரிடமும் பழக்கம் நன்கு மாறியது. மருத்துவர்களிடமோ அவ்வளவாக மாறவில்லை. புட்டி அருகில் இருந்தும் மருத்துவர் அதைத் தொடாமல் போனால், அருகில் நிற்கும் செவிலியர் என்ன செய்வார்? பெரும்பாலான இடங்களில் வாய் திறக்கமாட்டார். இங்கே நாம் அமைப்பின் அடுத்த படிக்கு வருகிறோம். பொருள் அருகில் இருந்தால் மட்டும் போதாது. கீழிருப்பவருக்குப் பேசும் உரிமையும் வேண்டும்.

இவ்வுரிமையை வழங்கிய இடம் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. கடும் நோயாளிகளுக்குக் கழுத்து, மார்பு முதலிய இடங்களில் உள்ள பெருநாளத்தினுள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன்வழியே மருந்து கொடுப்பது வழக்கம். அக்குழாயின் வழியே கிருமி நுழைந்தால், அது நேரே இரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். பீட்டர் புரோனவோஸ்ட் என்னும் மருத்துவர், 2001ஆம் ஆண்டில் ஐந்தே செய்திகளை ஒரு தாளில் எழுதினார். கையைத் தூய்மை செய்க. நோயாளியின் உடல் முழுவதையும் தூய துணியால் மூடி, குழாய் செலுத்துவோரும் தொப்பி, முகமூடி, அங்கி, கையுறை அணிக. தோலைக் குளோரெக்சிடின் என்னும் மருந்தால் துடைக்க. கூடுமானவரை தொடையிடுக்கில் குழாய் செலுத்தாதிருக்க. தேவை தீர்ந்தவுடன் குழாயை எடுத்துவிடுக. இவற்றில் எதுவும் புதிதன்று. மருத்துவ மாணவர் யாவரும் படித்ததே.

ஆயினும், செவிலியரை விட்டு ஒரு மாதம் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளிடத்தில் ஏதேனும் ஒரு படி விடுபட்டது தெரியவந்தது. காரணங்களுள் ஒன்று எளியது. வேண்டிய பொருள்கள் எட்டு இடங்கள்வரை சிதறிக் கிடந்தன. அவற்றை எல்லாம் ஒரே தள்ளுவண்டியில் சேர்த்து வைத்தனர். அடுத்து நிருவாகம் ஓர் அதிகாரத்தை வழங்கியது. மருத்துவர் ஒரு படியை விட்டுவிட்டால், அவசர நிலை அல்லாதபோது, செவிலியர் அவரை அங்கேயே நிறுத்தலாம். செவிலியருக்கு நிருவாகம் பின்பலமாக நிற்கும். மருத்துவமனை என்னும் அமைப்பில் இது ஒரு பெரும் புரட்சி. தாள் ஒன்றும் புதிது சொல்லவில்லை. அத்தாளைக் கையில் ஏந்தியவருக்குப் புதிய உரிமை பிறந்தது.

இம்முறையை மிச்சிகன் மாநிலம் 2003ஆம் ஆண்டு முதல் மேற்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதில் சேர்ந்தன. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் சேர்ந்து தலைமை தாங்கினர். மருத்துவமனையின் மேல்நிலை நிருவாகி ஒருவரும் அப்பிரிவோடு இணைக்கப்பட்டார். அவர் தம் அறையை விட்டு இறங்கிவந்து, பணியாளர்களின் தொல்லைகளைக் கேட்கவேண்டும். அவ்வாறு வந்தபின் ஒன்று வெளிப்பட்டது. குளோரெக்சிடின் மருந்து பல பிரிவுகளில் கையிருப்பிலேயே இல்லை. செவிலியர் எவ்வளவு கருத்தாக இருந்தாலும், இல்லாத மருந்தை எப்படித் தடவுவார்? அதை வாங்கிக் கொடுப்பது நிருவாகியால் மட்டுமே கூடும். அவர்கள் வாங்கிக் கொடுத்தனர்.

விளைவைக் கேளுங்கள். நூறு நோயாளிகளுக்குப் பத்து நாள் குழாய் இருந்தால், அது ஆயிரம் குழாய்-நாள் ஆகும். ஆயிரம் குழாய்-நாளுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த இரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டுக்குள் 1.4 ஆகக் குறைந்தது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த இக்கணக்கு மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்கச் செய்தது. அதன்பின் எடுக்கப்பட்ட கணக்குகளிலும் இந்நன்மை நீடித்திருந்தது. புதிய கருவி இல்லை. விலையுயர்ந்த மருந்து இல்லை. மனிதர் கூடி வேலைசெய்யும் முறை மட்டுமே மாறியது.

அப்படியாயின் எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரு தாளை அனுப்பி, 'இதன்படி நடக்க' என்று ஆணையிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பள்ளிக்கூடங்களில் சுற்றறிக்கை என்று ஒன்று உண்டு. ஏவலர் அதை வகுப்பு வகுப்பாக எடுத்துச் செல்வார். ஆசிரியர் ஒவ்வொருவரும் கையொப்பமிடுவர். பிறகு அது கோப்பில் ஏறிவிடும். அதிலுள்ள கையொப்பங்களின் எண்ணிக்கைக்கும், அதன்படி நடந்தவர்களின் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள தொலைவைத் தலைமையாசிரியராக இருந்தவர் எவரும் அறிவர். மருத்துவமனைகளும் இதற்கு விலக்கல்ல.

உலகச் சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை உருவாக்கியது. அறுவைக்கு முன் குழுவினர் தத்தம் பெயரையும் பணியையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவேண்டும் என்பதும் அதில் ஒன்று. புதுதில்லி, இலண்டன், மணிலா, டொராண்டோ உள்ளிட்ட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் அதைச் சோதித்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த இறப்பு 0.8 ஆகக் குறைந்தது என்று 2009இல் அறிவிக்கப்பட்டது. பின்னர்க் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் எல்லா மருத்துவமனைகளும் இப்பட்டியலைப் பின்பற்றவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஏறத்தாழ எல்லா மருத்துவமனைகளும் பின்பற்றுவதாகவே அறிக்கை அனுப்பின. ஆனால் 101 மருத்துவமனைகளின் கணக்கை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, இறப்பு 0.71இலிருந்து 0.65 ஆனது மட்டுமே தெரிந்தது. அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய சிறு வேறுபாடு.

தாள் அதேதான். பயன் ஏன் வேறுபட்டது? ஒண்டாரியோவில் தொடக்கத்திலேயே இறப்பு குறைவு. ஆராய்ந்த காலமும் சில மாதங்களே. இவற்றையும் நாம் நேர்மையாகக் கணக்கில் கொள்ளவேண்டும். எனினும், கட்டங்களில் குறியிடுவது வேறு, குழுவினர் ஒருவரோடொருவர் உண்மையாகப் பேசிக்கொள்வது வேறு என்பதைப் பல ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். குறியைப் பெறுவதற்கு ஆணை போதும். பேச்சைப் பெறுவதற்குப் பயிற்சியும் நம்பிக்கையும் வேண்டும், காலமும் வேண்டும்.

இவ்வரலாறுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், தலைமை என்பதன் பொருள் தெளிவாகும். செம்மல்வைசிடம் உண்மை இருந்தது. அதைத் தாங்கும் அமைப்பு இல்லை. ஜெனீவாவில், 'ஏன் செய்யவில்லை?' என்று அதட்டுவதற்கு முன்னால், 'செய்வதற்கு எது தடையாக இருக்கிறது?' என்று கேட்டனர். மிச்சிகனில் கீழே இருப்பவருக்கு வாய் திறக்கும் உரிமையையும், மேலே இருப்பவருக்கு இறங்கிவந்து கேட்கும் கடமையையும் அளித்தனர். இரண்டு இடங்களிலும் உழைப்பின் பயனை எண்ணிப் பார்த்து, உழைத்தவர்களுக்கே காட்டினர். தம் கையால் ஓர் எண் குறைவதைக் கண்ட பணியாளருக்கு வேறு ஊக்கம் வேண்டுவதில்லை.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் மருத்துவர் ஆவீர்கள்; சிலர் செவிலியர் ஆவீர்கள்; வேறு சிலர் மருந்தாளராகவோ எழுத்தராகவோ நிருவாக அதிகாரியாகவோ மருத்துவமனையில் பணி ஏற்பீர்கள். நல்ல முறை ஒன்றை அங்கே புகுத்தவேண்டும் என்ற ஆர்வம் உங்களுக்கு எழும்; எழவேண்டும். அப்போது ஆணை எழுதுவதற்கு முன், அதைச் செய்யவேண்டியவரின் அருகில் ஒருநாள் நின்று பாருங்கள். அவர் எத்தனை முறை நடக்கிறார், எந்தப் பொருள் கைக்கு எட்டவில்லை, யாரிடம் பேச அஞ்சுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்களைவிட இளையவர் ஒருவர், 'ஐயா, ஒரு படி விட்டுப்போயிற்று' என்று சொன்னால், அவருக்கு நன்றி கூறுங்கள். பலர் முன்னிலையில் நீங்கள் கூறும் அந்த ஒரு நன்றி, நூறு சுற்றறிக்கைகள் செய்யாததைச் செய்யும்.

வியன்னாவில் அன்று மன்றாடிய தாய்மாருக்குத் தங்களைக் காக்கும் மருந்து எதுவென்று தெரியாது. அது ஒரு பாத்திரம் சுண்ணாம்பு நீராக, அவர்கள் கட்டிலுக்குச் சில அடி தொலைவில் வைக்கப்பட்டது. பிறகு கவனிப்பாரின்றிப் போயிற்று. இடைப்பட்ட அந்தச் சில அடி தொலைவைக் கடக்கச் செய்வதே தலைமையின் வேலை.